பலிக்கறியும் ஒரு சிட்டிகைத் தூபமும்

கேள்வி இது: "எகிப்தின் ஐசிஸ், ஈரான் பக்கத்து மித்ரா, ஆசியா மைனரின் சிபெலி என்று வந்த தெய்வத்துக்கெல்லாம் இடம் கொடுத்தவர்கள் ரோமானியர்கள். அவர்கள் கிறிஸ்தவர்களோடு மட்டும் ஏன் மோதினார்கள்? கடவுள் ஒருவரா பலரா என்ற வாதம்தான் காரணமா? பல தெய்வ வழிபாடு கடைசியில் எப்படி நின்றது?"

அந்த வாதம் இருந்தது உண்மை. ஆனால் ஊரிலும் சந்தையிலும் நீதிமன்றத்திலும் மோதல் வெடித்தது வேறு இடத்தில். பலி கொடுக்கலாமா, பலியில் பங்கெடுக்கலாமா என்பதில்தான் இரு தரப்பும் முட்டிக்கொண்டன. இதை மனதில் வைத்துக்கொண்டால் அப்போஸ்தலர் பவுலின் கடிதம் முதல் பேரரசர் தியோடோசியஸின் சட்டம் வரையிலான முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் குழப்பமில்லாமல் புரியும்.

எண்ணிக்கை வாதத்தை முதலில் முடித்துவிடலாம். தென்மேற்குத் துருக்கியில் ஓயினோவாண்டா என்ற பழைய ஊர் இருக்கிறது. அதன் மதிலில் அப்பல்லோவின் அருள்வாக்கு ஒன்று கிரேக்க மொழியில் வெட்டப்பட்டிருக்கிறது. தானே தோன்றியவன், யாரும் கற்பிக்காதவன், தாயில்லாதவன், அசைக்க முடியாதவன், நெருப்பில் உறைபவன், அவனே கடவுள். தூதர்களாகிய நாங்கள் அவனில் ஒரு சிறு பகுதி என்கிறது அந்த வாக்கு. அப்பல்லோவே தன்னை மேலான ஒருவனின் சிறு கூறாகச் சொல்லிக்கொள்கிறார்! படித்த கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பரம்பொருள் என்பது அதிர்ச்சி தரும் கருத்தே இல்லை. சுமார் 178-இல் கிறிஸ்தவர்களைத் தாக்கி எழுதிய செல்சஸ் என்ற தத்துவவாதியும் இந்த வழியில்தான் கேட்டார்: பேரரசனுக்குக் கீழே உள்ள ஆளுநர்களை மதித்தால் பேரரசனுக்குக் கோபம் வருமா? அதுபோலத்தானே மேலான கடவுளுக்குக் கீழே உள்ள தெய்வங்களும்?

கிறிஸ்தவர்களும் ஜீயஸோ ஆர்ட்டெமிஸோ வெறும் கற்பனை என்று பொதுவாகச் சொல்லவில்லை. சிலைக்குள் ஒன்றுமில்லை, ஆனால் சிலைக்குப் பின்னால் பேய்கள் இருக்கின்றன என்றார்கள். அந்தப் பேய்கள் பலியின் இரத்தத்தையும் புகையையும் உண்டு கொழுக்கின்றன என்று இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டு ஆசிரியர்கள் பலர் எழுதினார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரியாத உலகில் மேலே ஒருவர், கீழே பலர் என்ற படம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. கீழே உள்ளவர்களுக்குப் படைக்கலாமா கூடாதா என்பதுதான் பிரச்சினை. ஒருவருக்கு அது மரியாதை, மற்றவருக்கு அது துரோகம்.

பலி எப்படி நடந்தது என்று தெரியாமல் இதற்கு மேல் போவதில் பயனில்லை. ரோம முறையைச் சொல்கிறேன். கோயில் கட்டடம் சிலை குடியிருக்கும் வீடு. பலிபீடம் அதன் வாசலுக்கு எதிரே திறந்தவெளியில் இருக்கும். பொதுவாக ஆண் தெய்வத்துக்கு ஆண் விலங்கு, பெண் தெய்வத்துக்குப் பெண் விலங்கு. வானத்துத் தெய்வங்களுக்கு வெள்ளை நிறம், பாதாளத்துத் தெய்வங்களுக்குக் கறுப்பு. பலி கொடுப்பவர் டோகா என்ற மேலாடையின் மடிப்பை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழாதபடி குழல்காரர் பக்கத்தில் நின்று விடாமல் ஊதுவார். முதலில் தணலில் தூபமும் திராட்சை மதுவும். பிறகு உப்புக் கலந்த மாவை விலங்கின் மேல் தூவி, நெற்றியில் மது ஊற்றி, கத்தியைத் தலையிலிருந்து வால்வரை முதுகின் மேலாக ஓட்டுவார்கள். அந்த நொடியிலிருந்து விலங்கு தெய்வத்தின் சொத்து. சம்மட்டி பிடித்தவர் "செய்யட்டுமா?" என்று கேட்டு, உத்தரவு வந்ததும் அடித்து மயக்குவார், இன்னொருவர் கழுத்தை அறுப்பார்.

அடுத்து வயிற்றைத் திறந்து ஈரல், பித்தப்பை, நுரையீரல், இதயம் எல்லாம் பார்ப்பார்கள். குறை இருந்தால் பலி ஏற்கப்படவில்லை என்று பொருள். வேறு விலங்கைக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டும். குறை இல்லையென்றால் அந்த உள்ளுறுப்புகளைச் சமைத்து (மாடாக இருந்தால் பானையில் வேகவைத்து, ஆடு பன்றியாக இருந்தால் கம்பியில் குத்திச் சுட்டு) பீடத்து நெருப்பில் தெய்வத்துக்குப் போடுவார்கள். தெய்வத்தின் பங்கு அவ்வளவுதான். மீதி இறைச்சி மனிதருக்கு: அங்கேயே விருந்தாகலாம், பங்கு போடலாம், கறிக்கடைக்கும் போகலாம்.

சிக்கல் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் வீட்டுக்கும் கோயில் கறி வந்து சேரும்.

கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் பவுலிடம் கேட்டது இதைத்தான். கி.பி. 55-ஐ ஒட்டி எபேசிலிருந்து அவர் எழுதிய பதிலில் மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார். கோயில் வளாகத்துப் பந்தியில் உட்காராதே. சந்தையில் விற்கும் கறியை வாங்கிச் சாப்பிடு, எங்கிருந்து வந்தது என்று துருவாதே. மற்ற மதத்தவர் வீட்டு விருந்தில் வைத்ததைச் சாப்பிடு; ஆனால் "இது படைத்தது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் நிறுத்திவிடு, அதுவும் அப்படிச் சொன்னவரின் மனசாட்சிக்காக. கறியில் தீட்டு இல்லை, பங்கெடுக்கும் செயலில்தான் பொருள் இருக்கிறது என்பது அவர் நிலை. கோயில் பந்தி என்று அவர் சொன்னது ஏட்டுக் கற்பனையும் இல்லை. கொரிந்தின் அஸ்கிளேப்பியஸ் கோயிலை அகழ்ந்தபோது வரிசையாக மூன்று சாப்பாட்டு அறைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் சுவரை ஒட்டிப் பதினொரு பேர் சாய்ந்து உண்ணும் திண்ணைகள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரமும் பிரசாதமும் வரும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் இந்தப் பேச்சு எழும்போது கையில் எடுப்பது இந்தக் கடிதத்தின் 8, 10 அதிகாரங்களைத்தான்.

பவுலின் நுணுக்கம் நிலைக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் பெர்கமு, தியத்தீரா சபைகளைப் படைத்த கறி தின்பதற்காகவே கண்டிக்கிறது. டிடாக்கே என்ற பழைய ஒழுங்கு நூல், மற்ற உணவு விஷயத்தில் முடிந்ததைக் கடைப்பிடி, ஆனால் படையலைத் தொடவே தொடாதே என்கிறது. காரணம் ஊகிக்க எளிது. "கேள்வி கேட்காமல் சாப்பிடு" என்பது தனி மனிதனுக்கு நல்ல விதி. ஒரு குழுவை அடையாளம் காட்ட அது உதவாது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் படையலைத் தொடாதவன்தான் கிறிஸ்தவன் என்ற எல்லைக்கோடு உறைந்துவிட்டது. அரசு பின்னால் பிடித்துக்கொண்டதும் அந்தக் கோட்டைத்தான்.

மறுப்பதற்குச் சமூகத்தில் என்ன விலை என்பதற்கு எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊர்க் குப்பைமேட்டில் கிடைத்த அழைப்புச் சீட்டு ஒன்று போதும். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது: நாளை, அதாவது 15-ஆம் தேதி, ஒன்பதாம் மணிக்கு, செராபிஸ் கோயிலில் ஆண்டவர் செராபிஸின் பந்தியில் விருந்துண்ண வருமாறு கைரேமோன் அழைக்கிறார். ஒன்பதாம் மணி என்றால் நம் கணக்கில் பிற்பகல் மூன்று. நாலே வரி. கொள்கைப் பிரகடனம் எதுவும் அதில் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சாப்பிடக் கூப்பிடுகிறார். போகாவிட்டால் செராபிஸ் கோபிப்பாரோ இல்லையோ, கைரேமோன் கட்டாயம் கோபிப்பார்.

பிழைப்புக்கும் இதே சிக்கல். எபேசில் ஆர்ட்டெமிஸின் வெள்ளிக் கோயில் மாதிரிகள் செய்து விற்ற தெமேத்திரியு, பவுலால் தொழில் படுத்துவிடும் என்று சக தட்டார்களைக் கூட்டினான். நாடக அரங்கில் கூடிய கூட்டம் இரண்டு மணி நேரம் தேவியின் பெயரைச் சொல்லிக் கத்தியது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். கிறிஸ்தவனாகிவிட்ட கைவினைஞன் என்ன செய்வது? வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 200-ஐ ஒட்டி இதற்குத் தொழில்வாரியாகவே பதில் எழுதினார். மரத்தில் மார்ஸ் சிலையைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பெட்டியைச் செய்வது பெரிய வேலையா? பொன் முலாம் பூசுகிறவன் செருப்புக்குப் பூசட்டும். மெர்க்குரி சிலை எப்போதாவதுதான் விற்கும், அலங்காரச் செருப்பு அன்றாடம் விற்கும். தூப வியாபாரத்துக்கு அவர் அனுமதி தரவில்லை. பள்ளிக்கூடத்தில் பழைய தெய்வக் கதைகளைப் படிக்கலாம், ஆனால் கிறிஸ்தவன் அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியனாகக் கூடாது. கல்யாணம், பெயர் சூட்டுதல் போன்ற வீட்டு விசேஷங்களுக்குப் போகலாம், பலிக்கென்றே அழைத்தால் போகக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவரே புலம்புகிறார்: அரச விழா நாட்களில் விளக்கும் வாகை இலையும் இல்லாத வாசல்கள் மற்றவர் வீடுகளில்தான் அதிகம், கிறிஸ்தவர் வீடுகளில் குறைவு என்று. ஆசிரியர்கள் போட்ட கோடு ஒன்று, மக்கள் வாழ்ந்த வாழ்க்கை இன்னொன்று. இந்தக் காலத்தைப் படிக்கும்போது உபதேச நூல்களை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

அரசு தலையிடும்போது என்ன நடந்தது என்பதற்கு முதல் தெளிவான சான்று 112 வாக்கில் பிளினி எழுதிய கடிதம். கருங்கடலின் தென்கரையில் பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் அவர். பெயர்ப் பட்டியலோடு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. அவர் வைத்த சோதனை இது: தான் சொல்லிக்கொடுக்கும் வாசகத்தால் தெய்வங்களை அழைக்க வேண்டும், தெய்வச் சிலைகளோடு கொண்டுவந்து வைத்த பேரரசர் டிராஜனின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். செய்தவர்களை விட்டுவிட்டார். சிலர் 20 ஆண்டுகளுக்கு முன்பே அந்த நம்பிக்கையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று முறை கேட்டும் பிடிவாதமாக நின்றவர்களைக் கொல்ல அனுப்பினார். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை ரோமுக்கு அனுப்பக் குறித்துவைத்தார். அந்தக் கூட்டத்தில் பொறுப்பு வகித்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் மிதமிஞ்சிய மூடநம்பிக்கையைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெறிச்சோடிக் கிடந்த கோயில்களில் மறுபடி கூட்டம் வருகிறது, வாங்க ஆளில்லாமல் கிடந்த பலிக்கறி இப்போது எங்கும் விற்கிறது என்று பிளினி திருப்தியோடு முடிக்கிறார். மாகாண ஆளுநர் தன் நடவடிக்கையின் வெற்றியைக் கறி விற்பனையில் அளக்கிறார்! கொரிந்தில் பவுல் வகுத்த சந்தை விதியைப் பித்தினியாவின் கிறிஸ்தவர்கள் பின்பற்றியிருந்தால் அந்தக் கறி தேங்கியிருக்காது.

டிராஜனின் பதில் சுருக்கமானது. தேடிப் பிடிக்க வேண்டாம்; முறையாகக் குற்றம் சாட்டி நிரூபித்தால் தண்டனை; நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால் மன்னிப்பு; மொட்டைக் கடுதாசிகளை ஏற்கக் கூடாது. அடுத்த நூற்றிச் சொச்சம் ஆண்டுகளுக்கு இதுவே நடைமுறை. முந்நூறு ஆண்டுகள் ஓயாத வேட்டை என்று சொல்வது பிழை. ஓர் ஊரில் கூட்டம் கொதிக்கும், ஓர் ஆளுநர் கடுமையாக இருப்பார், சிலர் சாவார்கள், பல ஆண்டுகள் அமைதி. 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் சில்லியத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேரை விசாரித்த ஆளுநர் சாத்தூர்னினுஸ், யோசித்துச் சொல்ல 30 நாள் அவகாசம் தரவும் முன்வந்தார். வேண்டாம் என்றார்கள், கொல்லப்பட்டார்கள். அதிகாரிக்கு வேண்டியது பிணம் இல்லை, ஒரு சிட்டிகைத் தூபம்.

அப்படியானால் யூதர்கள்? அவர்களும் ஒரே கடவுளை வணங்கினார்கள், சிலைக்குப் படைக்க மறுத்தார்கள். அவர்களை ரோமானியர்கள் கேலி செய்தாலும் பொறுத்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது அவர்களுடைய முன்னோர் வழக்கம். பழையது எதுவாக இருந்தாலும் ரோமானியருக்கு மரியாதை உண்டு. இரண்டு, எருசலேம் ஆலயத்தில் பேரரசருக்கு அல்ல, பேரரசருக்காக, தங்கள் கடவுளிடமே அவர்கள் அன்றாடம் பலி செலுத்தினார்கள். 66-இல் அந்தப் பலியை நிறுத்தியது போர்ப் பிரகடனமாகவே பார்க்கப்பட்டது. 70-இல் ஆலயம் அழிந்தபின், அதுவரை ஆலயத்துக்குக் கட்டிய தொகைக்கு ஈடாக ஆண்டுக்கு இரண்டு தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) வரி ரோமின் ஜூப்பிட்டர் கோயிலுக்குப் போனது. கிறிஸ்தவர்களுக்கு இந்த இரண்டு கவசமும் இல்லை. அவர்களுக்குப் பலியே கிடையாது. முன்னோர் வழக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் வேறு. ஊர் தெய்வங்களைப் பட்டினி போடுகிறவர்கள் என்பதால் "நாத்திகர்" என்ற வசை விழுந்தது. வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய் வந்தால் விரல் அவர்கள் பக்கம் திரும்பியது. தெய்வங்களோடு ஊர் செய்துகொண்ட ஏற்பாட்டை ஒரு சிலர் முறித்தால் தண்டனை ஊர் முழுவதற்கும் என்பது அக்கால நம்பிக்கை.

249-இன் கடைசியில் நிலைமை மாறியது. புதிதாகப் பதவிக்கு வந்த பேரரசர் டீசியஸ், பேரரசில் எல்லோரும் பலி செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். அதுவரை பலி ஊர் சார்பில் நடப்பது. ஆள் ஆளாகக் கணக்கெடுப்பது புதிய யோசனை. அதற்குச் சான்றிதழும் உண்டு. எகிப்தின் மணலில் நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. 250 ஜூன் 26 தேதியிட்ட ஒன்று: அலெக்சாண்டர் தீவு என்ற கிராமத்தின் பலிக் கண்காணிப்புக் குழுவுக்கு, சதபூஸ் மகன் அவுரேலியஸ் தியோகெனஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு, விண்ணப்பிப்பது. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவந்திருக்கிறேன். இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலி செலுத்தினேன், மது வார்த்தேன், பலியை உண்டேன். கீழே சான்றொப்பமிட வேண்டுகிறேன். அடியில் சாட்சியின் கையெழுத்தும் தேதியும். மூன்று வினைச்சொற்களையும் கவனியுங்கள்: பலி, வார்ப்பு, உண்ணல். என்ன நம்புகிறாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. இந்தப் படிவம் கிறிஸ்தவர்களுக்கென்று அச்சடித்ததும் இல்லை. முதலைத் தெய்வமான பெத்தெசூக்கோஸின் பெண் பூசாரி ஒருவரும் இதே சான்றிதழை வாங்கியிருக்கிறார்.

திட்டம் எங்கே ஓட்டை விழுந்தது? வழக்கம்போல் தாலுகா மட்டத்தில். லஞ்சம் கொடுத்து, பலி செலுத்தாமலே சான்றிதழ் வாங்கினார்கள். வேலையாளை அனுப்பினார்கள். ஓடி ஒளிந்தார்கள். திருச்சபைக்குள் இது பெரும் தலைவலியானது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் காலத்தில், கறியையே படைத்தவர், தூபம் மட்டும் போட்டவர், காகிதம் மட்டும் வாங்கியவர் என்று விழுந்தவர்களைத் தரம் பிரித்தார்கள். 251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், காகிதம் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்கள் மனவருத்தத் தவத்தில் இருந்து மரணப் படுக்கையில் சேரலாம் என்று முடிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் அதையும் தளர்த்த வேண்டிவந்தது. எவரையும் சேர்க்கவே கூடாது என்ற நொவாசியன் தனிச் சபையாகப் பிரிந்து போனார். டீசியஸ் 251-இல் போர்க்களத்தில் இறந்தார். அவர் ஆணை ஓராண்டுக்குச் சற்று மேல் நடந்திருக்கும். அது திருச்சபைக்குள் கிளப்பிய சண்டையோ பல தலைமுறை ஓடியது.

303-இல் பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கியது இதைவிடக் கடுமையானது: ஆலய இடிப்பு, நூல் எரிப்பு, குருமார் கைது, 304-இல் எல்லோருக்கும் கட்டாயப் பலி. இதற்கும் தூண்டுகோல் பலிதான். ஈரல் பார்த்துக் குறி சொல்பவர்கள், அருகில் நின்ற கிறிஸ்தவர்கள் சிலுவை அடையாளம் போட்டதால் குறியே தெரியவில்லை என்று பேரரசரிடம் முறையிட்டதாக அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியுஸ் எழுதியிருக்கிறார். கீழ்மட்டத்தில் அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பாப்பிரஸ் கடிதம். நில வழக்குக்காக அலெக்சாண்ட்ரியா போன கொப்ரேஸ் என்பவர் வீட்டுக்காரிக்கு எழுதுகிறார்: நீதிமன்றத்தில் ஆஜராகிறவர்களைப் பலி செலுத்தச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது, அதனால் என் சகோதரருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒரு வக்கீலையும் பார்த்தோம். பயமோ வீராவேசமோ கடிதத்தில் இல்லை. கடிதத்தில் 99 என்ற எண் வருகிறது. கிரேக்க எழுத்துகளின் எண்மதிப்பில் "ஆமென்" கூட்டினால் 99. கொப்ரேஸ் கிறிஸ்தவர் என்பதைக் காட்டும் குறி அது. அந்தச் சகோதரர் கிறிஸ்தவர் இல்லை போலும், அல்லது தூபம் போடுவதைப் பெரிதாக எடுக்காதவர். தியாகிகளின் வரலாறு எழுதப்பட்டது. கொப்ரேஸ் போன்றவர்கள் பத்திரம் எழுதிக்கொடுத்துப் பிழைத்தார்கள்.

311-இல் பேரரசர் காலேரியஸ் ஆணையைத் திரும்பப் பெற்றார். 313-இல் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசீனியஸும் எல்லோருக்கும் வழிபாட்டுரிமை என்றார்கள். கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார் என்பது பரவலான தவறு. அதற்கு நெருக்கமான அறிவிப்பு தியோடோசியஸ் காலத்தில், 380-இல்தான் வந்தது. அந்நாட்களில் அக்கம்பக்கமாக வாழ்வது எப்படி இருந்தது என்பதை ஸ்பெயினின் எல்விராவில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய ஆயர்களின் விதிகள் காட்டுகின்றன. சிலையை உடைக்கப் போய் அடிபட்டுச் செத்தவனைத் தியாகிப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்கிறது ஒரு விதி. வீட்டில் சிலைகள் வேண்டாம், ஆனால் அடிமைகள் கலகம் செய்வார்கள் என்று பயந்தால் நீங்கள் மட்டுமாவது விலகியிருங்கள் என்கிறது இன்னொன்று. எஜமான் கிறிஸ்தவன், அடிமைகள் பழைய மதம். வாசலில் தெய்வம் இருக்கட்டும் என்று வீட்டுக்குள்ளேயே சமரசம்.

அதிகாரம் கைமாறியதும் குறிவைத்த இடம் மாறவில்லை. டீசியஸ் பலியைக் கட்டாயமாக்கினார். கான்ஸ்டன்டைனின் மகன்கள் பலியைத் தடை செய்தார்கள். 341-இல் பலிப் பைத்தியம் ஒழியட்டும் என்று ஒரு சட்டம், 356-இல் மரண தண்டனை மிரட்டல். நடைமுறையில் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஆனால் பொதுப்பணம் கோயில் பக்கம் வருவது மெல்ல வற்றியது. மாட்டுப் பலி மலிவான சமாசாரம் இல்லை. விலங்கு, கட்டை, குழல்காரர், வெட்டுபவர், விருந்து எல்லாவற்றுக்கும் நகர மன்றமோ ஊர்ப் பணக்காரரோ செலவழிக்க வேண்டும். அந்தப் பணக்காரரின் பார்வை அரண்மனைப் பக்கம் திரும்பியதும் பீடம் ஆறத் தொடங்கியது.

இதை நேரில் கண்டு திகைத்தவர் பேரரசர் ஜூலியன். கிறிஸ்தவராக வளர்ந்து பழைய தெய்வங்களிடம் திரும்பிய அவர், 362-இல் அந்தியோக்கியாவை ஒட்டிய தாஃப்னியில் அப்பல்லோ திருவிழாவுக்குப் போனார். பலி விலங்குகள், பாடகர் குழு, வெள்ளை உடுத்த இளைஞர்கள் என்று கற்பனை செய்துகொண்டு போனவருக்கு ஒரு தூபமும் கண்ணில் படவில்லை, ஓர் அப்பமும் இல்லை. நகரம் என்ன கொண்டுவந்தது என்று பூசாரியைக் கேட்டார். நகரம் எதுவும் தரவில்லை, நான்தான் என் வீட்டிலிருந்து ஒரு வாத்தைக் கொண்டுவந்தேன் என்றார் பூசாரி. ஜூலியனே நொந்து எழுதிவைத்த சம்பவம் இது. எதிர்வினையாக அவர் பலியை அளவுமீறிப் பெருக்கினார். ஒரே நேரத்தில் நூறு மாடுகள் வரை வெட்டப்பட்டதாகவும், கறி தின்று குடித்துச் சரிந்த வீரர்களைத் தெருவழியே தூக்கிப்போக வேண்டியிருந்ததாகவும் பழைய மதத்துக்காரரான வரலாற்றாசிரியர் அம்மியானுஸே குறைப்படுகிறார். பலியில் நம்பிக்கை உள்ளவர்களுக்கே முகம் சுளித்துப்போன காலம்.

ஜூலியன் அறிவாளி, ஆகவே இன்னொன்றையும் பார்த்தார். கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதும்போது, யூதரில் பிச்சைக்காரர் இல்லை, கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, ஆண்டுக்கு 30,000 மோடியஸ் (ரோம முகத்தலளவு) தானியமும் 60,000 படி மதுவும் ஒதுக்கினார். ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்குப் பணி செய்யும் ஏழைகளுக்கு, மீதி அந்நியருக்கும் பிச்சைக்காரருக்கும். என் கணிப்பில், பழைய மதத்தைக் காப்பாற்ற அவர் எடுத்த முயற்சிகளில் உருப்படியானது இதுதான். ஆனால் 363 ஜூனில் பாரசீகப் போரில் இறந்துவிட்டார்.

பிறகு நடந்தது சட்டத்தால் மூச்சை நிறுத்தும் வேலை. ரோமின் செனட் மன்றத்தில் ஆகஸ்டஸ் கி.மு. 29-இல் வைத்த வெற்றித் தேவியின் பீடத்தைப் பேரரசர் கிராஷியன் 382-இல் அகற்றி, வெஸ்டா தேவிக்குப் பணி செய்த கன்னியரின் மானியத்தையும் நிறுத்தினார். 384-இல் நகர ஆளுநர் சிம்மாக்குஸ் அதைத் திருப்பிக் கேட்டு எழுதினார்: அவ்வளவு பெரிய இரகசியத்தை ஒரே பாதையால் எட்ட முடியாது. அழகான வாசகம், இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதே மனுவில் பாதிக்கு மேல் மானியத்தைப் பற்றியது. மிலான் ஆயர் அம்புரோஸ் பிடித்ததும் அந்த இடத்தைத்தான்: இவ்வளவு சலுகை கொடுத்தும் ஏழு கன்னியர்கூடக் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறதே, சம்பளம் இல்லாவிட்டால் நிற்காத கற்பு என்ன கற்பு என்றார். பீடம் திரும்பி வரவில்லை.

392 நவம்பர் 8 தேதியிட்ட தியோடோசியஸின் சட்டம் கோயிலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தது. வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றுவது, தூபம் போடுவது, மாலை தொங்கவிடுவது, மது வார்ப்பது, மரத்தில் துணி கட்டுவது, மண்ணைக் குவித்துப் பீடம் செய்வது எல்லாம் குற்றம். எந்த வீட்டில் நடந்ததோ அந்த வீடும் நிலமும் பறிமுதல். உரிமையாளர் அறியாமல் பிறர் இடத்திலோ பொதுக் கோயிலிலோ செய்தால் 25 பவுண்டு பொன் அபராதம். கண்டுகொள்ளாமல் விடும் ஆளுநருக்கு 30 பவுண்டு. இப்படி ஒவ்வொரு செயலாகப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம், அவை எல்லாம் அன்றாடம் நடந்துகொண்டிருந்தன என்பதற்கே சாட்சி.

அதற்கு ஆறு ஆண்டுக்குப் பிறகும் வட ஆப்பிரிக்காவில் நிலம் வைத்திருந்த பூப்ளிக்கோலா என்ற கிறிஸ்தவப் பிரபு, ஆயர் அகுஸ்தீனிடம் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்புகிறார். எல்லைப்புறத்து மக்கள் தங்கள் பேய்கள் மேல் சத்தியம் செய்து என் பயிரைக் காவல் காக்கிறார்கள், அந்தத் தானியம் தீட்டாகுமா? களத்தில் படைத்த மீதியிலிருந்து எடுத்ததைத் தெரிந்தே வாங்கலாமா? கோயில் கிணற்றில் தண்ணீர் குடிக்கலாமா? பலியிடுகிறவர்கள் குளித்த குளத்தில் நான் குளிக்கலாமா? பசியால் சாகப்போகிற வழிப்போக்கன், ஆளில்லாத இடத்தில் படையல் கிடப்பதைக் கண்டால் தின்னலாமா? அகுஸ்தீனின் பதில் பெரும்பாலும் பவுலின் பதிலே. பொய்த் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்தாலும் சொன்ன சொல்லைக் காப்பது, பொய்ச்சத்தியத்தைவிட மேல். அந்த உறுதிமொழியால் வந்த அமைதியைப் பயன்படுத்தலாம். காற்றிலேயே பலிப் புகை கலந்திருக்கும்போது கிணற்றை மட்டும் ஒதுக்கி என்ன பயன்? ஆனால் படையல் என்று உறுதியாகத் தெரிந்த உணவை, பசியானாலும் விட்டுவிடுவது நல்லது.

"எப்போது நின்றது" என்ற கடைசிக் கேள்விக்கு ஒற்றை ஆண்டு சொல்ல முடியாது. அலெக்சாண்ட்ரியாவின் செராபிஸ் கோயில் 391-392-இல் இடிக்கப்பட்டது. காசாவில் மர்னாஸ் கோயில் 402-இல். ஆனால் நைல் நதியில் எகிப்தின் தெற்கு எல்லையை ஒட்டிய ஃபிலே தீவில் ஐசிஸ் வழிபாடு தொடர்ந்தது. அங்கே 394-இல் வெட்டியதுதான் தேதி தெரிந்த கடைசி எகிப்தியச் சித்திர எழுத்துக் கல்வெட்டு. பேரரசுக்கு வெளியே இருந்த பிளெம்மியர், நோபாடியர் என்ற இரு இனத்தாரோடும் ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் செய்த உடன்படிக்கையில், அவர்கள் ஃபிலேவுக்கு வந்து வழிபடவும், ஐசிஸ் சிலையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரவும் கிறிஸ்தவ அரசே சம்மதித்தது. எல்லையில் அமைதி வேண்டியிருந்தது. 530-களில் பேரரசர் ஜஸ்டினியன் அதையும் மூடினார். தளபதி நார்சேஸ் பூசாரிகளைச் சிறையில் அடைத்தார், சிலைகளைக் கான்ஸ்டான்டினோப்பிளுக்கு அனுப்பினார், கோயிலின் முன்மண்டபம் புனித ஸ்தேவான் ஆலயமாக மாறியது.